வாசித்துக் காட்டுகிறவள்

கர்வல்யால்,
9 ஜனவரி 1972

அன்புள்ள அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லிவிட்டு அப்புறம் சுகம் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அபிலியோ மாமாவின் காபிக்கடைத் தொலைக்காட்சியில் சிப்பாய்கள் வரிசையாக வந்து வீட்டுக்கு வாழ்த்துச் சொன்னபோது, ஒருவர்கூடக் கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்கவில்லை. போன வருடம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள்தான். இந்தத் தடவை ஒரு பையன், "அம்மா, நான் நல்லா இருக்கேன், அழாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து யாரோ "துருப்பு!" என்று மேசையைத் தட்டினார்கள்.

திரையில் நீ வருவாய் என்று அம்மா நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீ வரவில்லை. முடிந்ததும் அபிலியோ மாமா என்னைப் பார்த்தார்.

"டிவியில வர்றவனுங்க எழுதிக் குடுத்ததைச் சொல்றானுங்க. நம்ம அடெலினோ என்ன எழுதியிருக்கான், அதைப் படி எட்டெல்வினா. சத்தமா படி, கேக்குறதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

எனக்கு நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கவே கூச்சம் என்று உனக்குத் தெரியும். அப்பா சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். எழுந்து நின்று வாசித்தேன். அங்கே கினியில் உள்ள ஜனங்கள் சிப்பாய்களான உங்களுக்குக் கோழி கொண்டுவந்து கொடுப்பதாக நீ எழுதியிருந்த இடத்தில் பொன்சியானோ மாமா, காவல் படையில் இருந்தவர் என்ற கம்பீரம் இன்னும் போகவில்லை, "கேட்டீங்களா? கோழி குடுக்கிறவன் துப்பாக்கி தூக்குவானா? ரெண்டு வருசம். அதுக்கு மேல போகாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்பாவும் ஆட்டினார். ஜூலையில் தம்பி ஜெர்மானோவுக்குப் படைக்கு ஆள் எடுக்கிற பரிசோதனை. அதற்கு முன்னால் அவனை பிரான்சுக்கு அனுப்பிவிடலாம் என்று அம்மா சொல்கிறாள். "அடெலினோ கடுதாசியைப் பாத்துட்டுத்தான் முடிவு. போர் முடியப்போகுதுன்னா எதுக்குப் பையனை ஊர்விட்டு ஓட விடணும்?" என்கிறார் அப்பா.

பன்றி அறுத்தோம். உனக்கு அனுப்பத் தொத்திறைச்சி புகையில் தொங்குகிறது. நாங்கள் எல்லோரும் சுகம். இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் தங்கை
எட்டெல்வினா

---

கினி, இராணுவ அஞ்சல்,
2 பிப்ரவரி 1972

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது சுகமாக இருந்தேன். இதை எழுதும்போதும் சுகம். எடை கூடியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் முகாமுக்கு வரவில்லை. வந்திருந்தால் பெல்மிரோதான் பேசியிருப்பான். அவனைப் பற்றி எழுதியிருக்கிறேனே, உப்பங்கழி ஊர்க்காரன், அக்கார்டியன் வாசிப்பான், தூங்கும்போதும் பேசுவான். நீங்கள் எல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்க உன் கடிதத்தை எனக்கு முன்னால் அவன் படித்துவிடுகிறான். "உன் தங்கச்சி எழுத்து முத்து முத்தா இருக்குடா, நீ ஏன் கோழி கிளறின மாதிரி எழுதுற?" என்கிறான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், கடையில் வாசி. எங்கள் முகாமின் சாப்பாட்டுக் கூடச் சுவரில், எங்களுக்கு முன்னால் இருந்த படைப்பிரிவு பெயிண்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறது: "நாங்களே கடைசி." அதற்கு மேலே அவர்களுக்கு முந்தினவர்கள் எழுதியது: "நாங்களே கடைசி." அதற்கும் மேலே இன்னொன்று, மங்கிவிட்டது. நாங்கள் வந்த அன்றே பெல்மிரோ ஏணி கேட்டான். எதற்கு என்றால், "கீழே இடமில்லை, கூரையில எழுதணும்" என்றான்.

இங்கே எல்லாம் அமைதி. அப்பா இடுப்பு வலிக்கு மருந்து தேய்க்கிறாரா?

உங்கள் நினைவாகவே இருக்கும்
அடெலினோ

---

கர்வல்யால்,
20 பிப்ரவரி 1972

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். அப்பா மருந்து தேய்ப்பதில்லை, நாற்றம் என்கிறார்.

சுவர் வேடிக்கையை வாசித்தேன். கடை அதிரச் சிரித்தார்கள். அபிலியோ மாமாவுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு அடங்கும்போது வாசலில் ரொட்டி வாங்க நின்றிருந்த எர்மெலிண்டா அத்தை கேட்டாள்:

"மூணு கூட்டம் 'நாங்கதான் கடைசி'ன்னு எழுதிட்டுப் போச்சுன்னா, நாலாவது கூட்டம் எதுக்குடி போச்சு?"

பொன்சியானோ மாமாதான், "உன் மகன் செஃபெரினோ எங்கன்னு முதல்ல சொல்லு, அப்புறம் படையைப் பத்திப் பேசு" என்றார்.

"லிஸ்பன்ல கட்டட வேலை."

"லிஸ்பன்ல எந்தத் தெரு?"

"நீங்க போய்த் தேடிப் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

அவன் படைக்குப் போகாமல் பிரான்சில் இருப்பது ஊருக்கே தெரியும். போன வருடம் என்றால் அவள் முகத்தைப் பார்த்து ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். இப்போது அவள் போன பிறகு அபிலியோ மாமா மெதுவாக, "பையன் மாசாமாசம் பணம் அனுப்புறானாம்" என்றார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

தையல் கடையில் வேலையாக இருந்தபோது இன்னொன்று பார்த்தேன். பரிசோதனைக்குப் போகிற பையன்கள் தேர்வானால் தொப்பியில் கட்டிக்கொள்ள சிவப்பு ரிப்பன் முன்கூட்டியே வாங்குவார்களே, தேர்வாகாதவன் வெள்ளை ரிப்பனோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவானே. உன் வருடத்தில் மேளம், வாணவேடிக்கை எல்லாம் இருந்தது. இந்த வருடம் ஒருவனும் சிவப்பு கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் வந்து, "வெள்ளை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் எடுப்பதற்குள் போய்விட்டாள்.

ஜெர்மானோ, அப்பா சொன்னால் பிரான்சுக்குப் போவேன், சொல்லாமல் போக மாட்டேன் என்கிறான்.

பெல்மிரோவுக்கு என் வணக்கம். என் எழுத்து முத்து இல்லை.

எட்டெல்வினா

---

கினி,
19 மார்ச் 1972

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகத்தையே விரும்புகிறேன். தொத்திறைச்சி வந்தது. பெல்மிரோ பாதியைத் தின்றுவிட்டு அம்மாவின் கையை முத்தமிட்டதாக எழுதச் சொன்னான்.

புதுச் செய்தி: நாங்கள் இங்கே ஊர் கட்டுகிறோம். காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஜனங்களை ஒரே இடத்தில், முகாமுக்குப் பக்கத்தில் குடிவைக்கத் தகரக் கூரை போட்ட வீடுகள், நூல் பிடித்த மாதிரி வரிசை. பள்ளிக்கூடம், கிணறு. எங்கள் கேப்டன் படித்தவர். துப்பாக்கியால் இந்தப் போரை ஜெயிக்க முடியாது, ஜனங்கள் நம் பக்கம் வந்தால்தான் முடியும், அதற்கு நாள் பிடிக்கும், ஊரில் இருக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டால் போதும் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சாவியைக் கொடுத்த அன்று ஊர்ப் பெரியவர் எல்லோருக்கும் கைகொடுத்தார். "கூரை ரொம்ப நல்லாயிருக்கு" என்றார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் ஆளில்லை. எங்கே என்று கேட்டோம். "தகரம் சூடா இருக்கு, காட்டுப் பக்கம் படுக்கப் போயிருக்காங்க" என்றார். சூடுதான், பொய் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து பள்ளிக்கூடத்துப் பால் பவுடரை வாங்கிக்கொண்டு மறுபடி போகிறார்கள். யாருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேப்டன் கேட்க விடுவதில்லை. பெரிதாக ஒன்றுமில்லை.

பெல்மிரோ லாரிகளோடு ஆற்றுத் துறைக்குப் போயிருக்கிறான், தபாலும் பீரும் ஏற்றிவர. சனிக்கிழமை வந்துவிடுவான். முகாம் சத்தமில்லாமல் இருக்கிறது.

அம்மாவை அதிகம் வேலை செய்ய விடாதே.

அடெலினோ

---

கர்வல்யால்,
9 ஏப்ரல் 1972

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மாட்டுக்கு மட்டும் காலில் புண்.

உன் கடிதத்தைக் கடையில் வாசித்தேன். தகரக் கூரை, பள்ளிக்கூடம், கிணறு வரை எல்லோருக்கும் பிடித்தது. "நம்ம ஊருக்கே பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது" என்றார் அபிலியோ மாமா. அதற்குப் பிறகு வருவதை வாசிக்கும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது போல. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் காதில் பள்ளிக்கூடமும் கேப்டன் சொன்னதும்தான் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில், "ஜனங்க நம்ம பக்கம் வர்றாங்களாம். ஜெர்மானோவோட முறை வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். அம்மா வேகமாக முன்னால் நடந்தாள்.

அண்ணா, எனக்கு நாலாம் வகுப்புதான். இதைப் புத்திசாலித்தனமாகக் கேட்கத் தெரியாது. இந்தப் போர் முடியுமா? ஜெர்மானோ இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? உன் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லையும் அப்பா கேட்க மாட்டார். ஒரு வரி எழுது. நேராக எழுத முடியாவிட்டால், "மழை வரும்" என்று எழுது, நான் புரிந்துகொள்வேன்.

பெல்மிரோ சனிக்கிழமை வந்தானா?

எட்டெல்வினா

---

கர்வல்யால்,
14 மே 1972

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். ஐந்து வாரமாகக் கடிதமில்லை. தபால்காரர் தெருமுனையிலேயே எனக்குக் கையை விரித்துக் காட்டிவிடுகிறார். அம்மா கேட்டால் கப்பல் தாமதம் என்று சொல்கிறேன். கடிதம் விமானத்தில் வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

பரிசோதனைத் தேதி மாதா கோயில் கதவில் ஒட்டியிருக்கிறது. ஜெர்மானோவின் பெயர் இரண்டாவது.

பெல்மிரோ எப்படி இருக்கிறான்?

எட்டெல்வினா

---

கினி,
28 மே 1972

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும், இங்கே வேலை அதிகம்.

எல்லாம் அமைதி. மாம்பழக் காலம், தரையெல்லாம் பழம். நல்ல சாப்பாடு கிடைக்கிறது. கேப்டன் எங்கள் வேலையைப் பாராட்டினார். அப்பா கவலைப்பட வேண்டாம். ஜெர்மானோ விஷயத்தில் அப்பாவுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யட்டும்.

மாட்டின் காலுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடெலினோ

---

கர்வல்யால், தையல் கடை,
18 ஜூன் 1972

அன்புள்ள அண்ணா,

சுகம் கேட்காமலே தொடங்குகிறேன். நான் ஒன்று செய்துவிட்டேன், அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தெருவிலேயே பிரித்துப் படித்தேன். மழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பெல்மிரோவும் இல்லை. மாட்டின் கால் வரைக்கும் விசாரித்திருக்கிறாய். நான் இரண்டு தடவை கேட்டதற்குப் பதில் இல்லை. அப்படியென்றால் அவன் சனிக்கிழமை வரவில்லை.

சாயங்காலம் அப்பா கடைக்குப் போகவில்லை. "முதல்ல வீட்ல படி" என்றார். அடுப்பங்கரையில் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மானோ என் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான்.

சுகம் விசாரித்ததையும் மாம்பழத்தையும் உள்ளபடி வாசித்தேன். "அப்பா கவலைப்பட வேண்டாம்" என்ற இடம் வந்தது. என் விரல் அந்த வரியில்தான் இருந்தது. வாய் வேறு சொன்னது. "அப்பா, கோழி கதையெல்லாம் உங்களைச் சந்தோஷப்படுத்த எழுதியது. இங்கே யாரும் நம் பக்கம் வரவில்லை. நாங்கள் நிற்கும் இடம் மட்டும்தான் நம்முடையது; நகர்ந்தால் அதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் முடியாது. ஜெர்மானோ வந்தாலும் முடியாது. அவனை அனுப்பிவிடுங்கள்."

வீட்டில் என்னைத் தவிர ஜெர்மானோவுக்குத்தான் படிக்கத் தெரியும். என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. பிறகு சாதாரணமாகச் சொன்னான்: "மெதுவா படி எட்டெல். அப்பாவுக்குப் புரியணும்ல."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்தார்.

"அப்படியா எழுதியிருக்கான்?"

"ஆமாப்பா."

"இன்னொரு தடவை படி."

அதே சொற்களை அதே வரிசையில் சொன்னேன். பயத்திலும் மறக்கவில்லை. அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய் மாடுகளோடு வெகுநேரம் இருந்தார். திரும்பி வந்து, "அந்த ஆளைப் போய்ப் பாக்குறேன்" என்றார்.

ஜெர்மானோ புதன்கிழமை லிஸ்பனுக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். லிஸ்பன் போக எதற்கு ஸ்பெயின் மலை வழி தெரிந்த ஆள் என்று கேட்காதே. ஜெர்மானோவின் போட்டோவை இரண்டாகக் கிழித்தார்கள். ஒரு பாதி அம்மாவிடம். மறு பாதி அவனிடம்; அது அங்கிருந்து தபாலில் வந்து சேர்ந்தால்தான் அந்த ஆளுக்குப் பணம்.

நீ எழுதாததை உன் பெயரில் சொன்னேன். கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுது, தையல் கடையின் விலாசத்துக்கு. அப்பாவிடம் மட்டும் காட்டிக்கொடுக்காதே.

எட்டெல்வினா

---

கர்வல்யால்,
2 ஜூலை 1972

மகனே அடெலினோ,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுறா. ஒரு சொல் விடாம எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

நாங்க சௌக்கியம். உன் கடுதாசி கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். முதல்ல உன் மேல கோவம்தான் வந்துச்சு. ஒரு வருசமா ஊர்ல தலை நிமிந்து நடந்தேன், என் மகன் அங்க ஜெயிச்சிட்டிருக்கான்னு. பொன்சியானோ கூட என்னைப் பாத்தா எந்திரிச்சு நின்னான். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அந்த வார்த்தையை எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். அதை நீ எழுதினதுனால, நாளைக்கு நான் இன்னொரு பையன் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்ல வேண்டியதில்ல.

உன் தம்பி லிஸ்பன் போயிட்டான். நல்லபடியாப் போய்ச் சேந்துட்டான்னு தெரிஞ்சுது. காவல்காரங்க வந்து கேட்டாங்க, எந்தத் தெருன்னு. எர்மெலிண்டாவோட மகன் இருக்குற தெருதான்னு சொல்லிட்டேன்.

உன்கூட ஒரு பையன் இருந்தானே, அக்கார்டியன் வாசிக்கிறவன். தொத்திறைச்சி அவனுக்குப் பிடிச்சுதுன்னு உங்கம்மாவுக்கு ரொம்ப சந்தோசம். அடுத்த தடவை அவனுக்குத் தனியா அனுப்புறாளாம்.

உடம்பைப் பாத்துக்க.

உன் அப்பா

---

லிஸ்பன் தபால் முத்திரை,
30 ஜூலை 1972

எட்டெல்வினா,

விடுப்பில் போகிற ஒருவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையில் தபால்தலை ஒட்டி அங்கிருந்து போடுவான். யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உன் கடிதமும் அப்பாவின் கடிதமும் ஒரே பையில் வந்தன. உன்னுடையதை முதலில் படித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. என் பெயரில் நீ எப்படிப் பேசலாம் என்று. அப்புறம் அப்பாவுடையதைப் படித்தேன். அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இனி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதை உள்ளபடியே வாசி.

பெல்மிரோ போன லாரி கண்ணிவெடியில் ஏறியது. துறைக்குப் போகும் வழியில் இல்லை, திரும்பும்போது. எங்கள் புது ஊருக்குப் பக்கத்தில். முந்தின நாள் அந்தப் பாதையில் ஊர் ஜனம் எல்லோரும் ஓரமாக நடந்தார்கள். நடுவில் ஒருவர்கூட நடக்கவில்லை. நாங்கள் பார்த்தோம், யோசிக்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவாயா? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்களை எதிர்த்துக் காட்டில் இருக்கிறார்கள். நம் ஊராக இருந்தால் நாமும் ஓரமாகத்தான் நடந்திருப்போம்.

நாங்கள் நிற்கும் இடமாவது நம்முடையது என்று வாசித்தாயாம். அதுவும் இல்லை. கழிப்பறைக்கும் துப்பாக்கியோடுதான் போகிறோம். மற்றது எல்லாம் சரி.

கேப்டன் முட்டாள் இல்லை. கூரை போடுவதும் கிணறு வெட்டுவதும்தான் வழி என்கிறார், வேறு வழி அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஜனங்களுக்கு அவசரமில்லை. நாம் ஒருநாள் கப்பலேறிப் போய்விடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். கைகொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களைவிட அதிக நாள் காத்திருக்க நம் ஊரால் முடியாது. சீட்டைக் கீழே வைக்கவில்லை என்று ஜனவரியில் நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மாம்பழம் பற்றி எழுதினேன்.

அம்மாவுக்காக எழுதியதை ஊரே நம்பியிருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வருடம் பரிசோதனையில் தேறியவர்கள் யார் யார்? அவர்கள் வீட்டிலும் என் கோழியை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே இதைக் கடையிலும் வாசி. பொன்சியானோ மாமா இருந்தாலும் வாசி. என்னை என்ன செய்துவிடுவார்கள், கினிக்கு அனுப்புவார்களா?

காவல்காரர்கள் உன்னை விசாரிக்க வரலாம். பயமாக இருந்தால் வாசிக்காதே. நான் தவறாக நினைக்க மாட்டேன். உனக்கு அந்தக் கடையில் எழுந்து நிற்பதே எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

பெல்மிரோவுக்குத் தொத்திறைச்சி அனுப்ப வேண்டாம் என்பது நான் அம்மாவிடம் சொன்னதாகவே இருக்கட்டும்.

அடெலினோ

---

கர்வல்யால்,
13 ஆகஸ்ட் 1972

அன்புள்ள அண்ணா,

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றே வீட்டில் வாசித்தேன்; ஜூனில் வாசித்தது என் சொல் என்று அப்பாவுக்கும் இப்போது தெரியும். அம்மா பெல்மிரோவின் அம்மா பெயரைக் கேட்கிறாள், எழுது.

ஊரில் மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். மூன்று பேரின் அப்பாக்களும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காபிக்கடைக்கு வருவார்கள். இன்று வந்திருந்தார்கள். பொன்சியானோ மாமாவும் இருந்தார். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நானே எழுந்து நின்று, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தேன்.

எட்டெல்வினா